தீ வருமுன் ஊர்க்காவல்

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மிற் பலர் பிறந்த தெருக்களில் கூரை வீடுகள் இன்றும் உள்ளன. காய்ந்த கீற்றில் பட்ட பொறி அடுத்த கூரைக்குத் தாவச் சில நிமிடங்களே போதும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று, சமையற் கொட்டகையில் பற்றிய தீ பள்ளியின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதை மறக்க இயலுமோ?

101 என்ற எண்ணை அழைத்தால் தீயணைப்பு வண்டி வரும். ஆயினும் அது நகரிலிருந்து வந்து சேர வேண்டும். அதுவரை ஊரைக் காப்பவர் ஊராரே. குடம் தூக்கி ஓடவேண்டிய வயதினராகிய நாமோ வெளிமாநிலங்களில் இருக்கிறோம். அங்கிருப்போர் நம் முதிய பெற்றோர்.

ஆகவே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி மூன்று ஏற்பாடுகளைச் செய்யுங்கள். முதலாவது, வைக்கோற்போரும் விறகும் வீட்டை விட்டு விலகியிருத்தல் வேண்டும். இரண்டாவது, தெருவிலும் குளக்கரையிலும் வண்டி செல்ல வழி வேண்டும். வேலியோ பந்தலோ குறுக்கிடலாகாது. மூன்றாவது, தொலைபேசியில் அழைப்பவர் யார், மின்சாரத்தைத் துண்டிப்பவர் யார், நடக்க இயலாதோரை வெளிக்கொணர்பவர் யார், மாடுகளை அவிழ்த்துவிடுபவர் யார் என்பதைப் பெயர் குறித்து வைத்தல் வேண்டும். ஊரில் நிலையாக இருப்போரையே குறியுங்கள்.

ரயில் நிலையங்களில் சிவப்பு வாளிகள் தொங்கக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே தெருவுக்குச் சில வாளிகள் நிரப்பி வையுங்கள். கூரைத் தீக்கு நீர். எண்ணெய்த் தீக்கு மணலே, நீர் ஆகாது.

தீப்பற்றிய பின் இங்கிருந்து ஓடிச் சேர நம்மால் இயலாது. முன்னேற்பாடு செய்ய இயலும்.