குழாய் வராத போட்டோ

"ஆப்பிரிக்காவ எவ்ளோல முடிச்ச?"

கென்யா, தான்சானியா என்று மூன்று வாரம் முதுகுப்பையோடு சுற்றிவிட்டு வந்தவனிடம் நெய்வேலி மெயின் பஜார் டீக்கடையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. சிங்கம் பார்த்தாயா என்றுகூட யாரும் கேட்கவில்லை. கேட்டவன் பள்ளித் தோழன், என்னைப் போலவே பெங்களூரில் கோடு எழுதிப் பிழைப்பவன். நானும் கொஞ்சம் பெருமையோடுதான் போனைத் திறந்து எக்செல் ஷீட்டைக் காட்டினேன். விமானம், விசா, மட்டாட்டு கட்டணம், ஹாஸ்டல் படுக்கை, சப்பாத்தி-அவரை எல்லாம் வரிசையாக இருந்தன. அவன் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, "இன்னும் இறக்கலாம்டா" என்றான்.

இந்த 'இன்னும் இறக்கலாம்' புத்தியோடுதான் எனக்குச் சண்டை. அதில் என்மேலும் கொஞ்சம் கோபம் உண்டு.

மசாய் மாராவுக்குள் நடக்க முடியாது, பேருந்தில் சுற்ற முடியாது, வண்டி வேண்டும். தனியாக எடுத்தால் கட்டாது. நைரோபியில் ஒரு நிறுவனத்தில் இரண்டு மணி நேரம் பேரம் பேசி, ஐந்து பேரோடு வேனில் இடம் பிடித்தேன். மூன்று பகல், இரண்டு இரவு. செகனானி வாசலுக்கு வெளியே கூடாரம். முதல் நாள் இரவு கழிப்பறைக்குப் போக எழுந்தபோது, எங்கள் டிரைவர் வேனின் பின்சீட்டில் கால்களை மடக்கிப் படுத்திருந்தார். காலையில் கேட்டேன். இந்த ரேட்டுக்கு டிரைவருக்குப் படுக்கை வராது என்றார். குற்றம் சாட்டும் குரலே இல்லை, மழை வருமா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். நான் பேசிக் குறைத்த காசு முதலாளியின் லாபத்தில் குறையவில்லை, இந்த மனிதரின் முதுகில் குறைந்திருக்கிறது. அன்று மாலை சிறுத்தையைக் காட்டியதும் அவர்தான்.

நுழைவுக் கட்டணத்துக்கும் இதே கதைதான். மாராவை நடத்துவது நாரோக் மாவட்ட அரசு. 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஒரு நாளுக்கு ஜனவரியிலிருந்து ஜூன்வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர்வரை 200. 2024-இன் மாற்று விகிதத்தில், நம் கணக்கில் பதினேழாயிரம் ரூபாய்க்கு நெருக்கம். ஜூன் மாதத்தில் போனதற்கு அதுதான் காரணம், ஒத்துக்கொள்கிறேன். கென்யர்களுக்கு இதில் சிறு பகுதிதான். "கொள்ளை" என்கிறார்கள் நம் ஆட்கள். அங்கே வேலை பார்க்கும் தமிழர் யாருடைய அட்டையையாவது வாங்கிக் காட்டி உள்ளூர் ரேட்டில் நுழைந்துவிடு என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். தாஜ்மகாலில் நமக்கு 50 ரூபாய், வெள்ளைக்காரருக்கு 1,100. அந்த வரிசையில் நின்றபோது நமக்கு அநியாயமாகப் பட்டதா? சொந்த மக்களுக்குக் காட்டைத் திறந்துவைக்க, வெளியாளிடம் கூடுதலாக வாங்குவதில் என்ன தப்பு? அங்கே நாம் வெளியாள். ஏழை நாட்டிலிருந்து வந்தவன் என்ற சலுகையெல்லாம், ஐ.டி. சம்பளத்தில் விடுப்பு போட்டுவிட்டு வந்தவனுக்குச் செல்லாது.

உடனே எதிர்முகாம் கைதட்டும். காடு பணக்காரர்களுக்கு மட்டும் இருந்தால்தான் பிழைக்கும், கூட்டம் குறையும் என்பவர்கள் அவர்கள். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. காட்டுமான்கள் மாரா ஆற்றைக் கடக்கும் மாதங்களில் கரையோரம் முட்டி மோதி நிற்பவை யாருடைய ஜீப்புகள்? இருநூறு டாலர் கட்டியவர்களுடையவைதான். கட்டணம் கூட்டத்தை விரட்டவில்லை, கூட்டத்தின் வர்க்கத்தை மாற்றியது, அவ்வளவுதான். சிக்கனமாகப் போவது தப்பே இல்லை. எதில் சிக்கனம் என்பதுதான் கேள்வி.

என் பயணத்தில் ஆகக் குறைந்த செலவில் பார்த்த காடு தான்சானியாவின் மிகுமி. தார் எஸ் சலாமிலிருந்து இரிங்கா போகும் நெடுஞ்சாலை அந்தத் தேசியப் பூங்காவை ஊடறுத்து ஐம்பது கிலோமீட்டர்போல ஓடுகிறது. சாதாரண பஸ் டிக்கெட். வேகத்தடைகளில் வண்டி குதித்துக் குதித்துப் போக, ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, தூரத்தில் யானைக் கூட்டம். நான் மட்டும்தான் எழுந்து நின்று பார்த்தேன். பக்கத்து இருக்கை அம்மா யானையைக் காட்டி, "ஷம்பா" என்றார். வயல். பிறகு கையை வாயருகே கொண்டுபோய், எல்லாம் போச்சு என்பதுபோல விரல்களை விரித்தார்.

சின்ன வயதில் அப்பாவின் எல்.டி.சி.யில் மைசூரிலிருந்து ஊட்டிக்கு அரசு பஸ்ஸில் போனபோது, பந்திப்பூர் தாண்டி முதுமலைக்குள் நான் பார்த்த முதல் யானையும் பஸ் யானைதான். தெப்பக்காட்டில் ஏறியவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. விலங்கு பக்கத்துவீட்டுக்காரனாக இருக்கிறவர்களோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பது, அந்தப் பஸ் டிக்கெட்டில் மட்டும்தான் கிடைக்கும். ஜீப்பில் அது கிடையாது. (பந்திப்பூர் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை வண்டிகளுக்குத் தடை. நல்ல தடை. பகல் பஸ் போதும்.)

இனி நைவாஷா. நைரோபியிலிருந்து மட்டாட்டு பிடித்துப் போய், வாசலருகே வாடகை சைக்கிள் எடுத்து, ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவுக்குள் ஓட்டலாம். கூட வழிகாட்டியோ வண்டியோ கட்டாயமில்லை. வரிக்குதிரைகளுக்கு நடுவே, காட்டுப்பன்றி குறுக்கே ஓட, செம்பாறைச் சுவர்களுக்குக் கீழே மிதித்துப்போனேன். முதுகுப்பைக்காரர்களின் சொர்க்கம் என்று எழுதுகிறார்கள், பொய்யில்லை. ஆனால் ஒரு வளைவு திரும்பியதும் வெள்ளியாய் மின்னும் தடித்த குழாய்கள், ஆவித் தூண்கள், இரைச்சல். ஒல்காரியா புவிவெப்ப மின்நிலையங்கள். முதல் அலகு 1981-இல் வந்தது, பூங்காவாக அறிவித்தது 1984-இல். எத்தனையோ படங்கள் பார்த்துவிட்டுத்தான் போனேன், ஒன்றிலும் குழாய் இல்லை. எனக்கு முன்னால் போன ஜோடி சைக்கிளை நிறுத்தி, "குழாய் விழாம எடு" என்று தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டதுபோலத்தான் இருந்தது. அவள் நகர்ந்து நகர்ந்து நின்ற இடம் அப்படி.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அனல்மின் நிலையப் புகைபோக்கியை ஜன்னலில் பார்த்து வளர்ந்தவனுக்கு இது வேற்றூராகத் தெரியவில்லை. ஒல்காரியாவின் நான்காவது நிலையத்துக்காக 2014-இல் மசாய் குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். செரெங்கெட்டியிலிருந்து மசாய் மக்களை 1959-இல் வெளியேற்றினார்கள். ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று விலங்குக்கு. கிளம்பச் சொல்லப்பட்டவர்கள் ஒரே ஆட்கள்.

டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு இது தெரியாததல்ல. நேர்க்கோட்டுச் சாலையும் மரநிழலும் பிளாக் நம்பருமாக நாங்கள் வளர்ந்த ஊர், 1956-க்குப் பிறகு முந்திரிக்காடும் கிராமங்களும் இருந்த மண்ணில் எழும்பியது. 'எங்க ஊர் எவ்ளோ பச்சை' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அதே பள்ளியில் பக்கத்து பெஞ்சில் இருந்தார்கள், கேட்டதில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட வயலுக்குள் கால்வாய் வெட்டும் இயந்திரம் இறங்கியதை டி.வி.யில் பார்த்துத்தான் பலருக்குத் தெரிந்தது. நாங்களும் குழாய் விழாமல் எடுத்துக்கொண்டவர்கள்தான்.

அதனால்தான் 'மனிதக் கால்படாத ஆப்பிரிக்கா, வெறும் இத்தனை ரூபாயில்' என்ற தலைப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனிதக் கால் பட்டது, அகற்றப்பட்டது. மிச்சமிருப்பவர் உன் வேனை ஓட்டுகிறார், அவருடைய படுக்கையில்தான் நீ மிச்சம்பிடித்தாய்.

இதையெல்லாம் டீக்கடையில் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. பாதியிலேயே அவன் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான். ஷீட்டை அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "மச்சி, 34-வது வரில 'டிரைவருக்கு'ன்னு போட்டிருக்கியே, இவ்ளோவா குடுத்த? அதை எடுத்துட்டா செமயா குறையுதே."