கடைக் கணக்கு பார்க்கிறோம், பள்ளிக் கணக்கு?

அரசுப் பள்ளியில் ஆசிரியர் இல்லை, கழிவறை சரியில்லை என்று வேடசந்தூர் டீக்கடையில் குமுறத் தெரிந்த நமக்கு, கேட்க வேண்டிய இடம் தெரிய வேண்டாமா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21 என்ன சொல்கிறது? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். மேம்பாட்டுத் திட்டம் போடுவதும், அரசுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அவர்கள் வேலை. 2022இல் தற்காலிக ஆசிரியர் நியமனமே இக்குழு வழியாகத்தான். அப்போது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய்! இது நியாயமா என்று எந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்டோம்?

சரக்கு வாங்க நாலு கடை விசாரிக்கும் வியாபாரிகளே! பள்ளிக் கட்டட வேலைக்கு எவ்வளவு செலவானது என்று விசாரித்ததுண்டா? அடுத்த கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் கடையைச் சாத்துங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். தீர்மான நோட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்!