பெறுபேற்றுத் தாளும் சட்டபீட வாசலும்

சென்ற மாதம் மல்கிரேவில் நண்பர் ஒருவரின் தாயாரது முப்பத்தோராம் நாள் மதிய போசனத்துக்குச் சென்றிருந்தோம். உணவின் பின் கராஜில் போடப்பட்டிருந்த கதிரைகளில் அமர்ந்திருந்த வேளை, அறிமுகமான தந்தையொருவர் எம்மருகே வந்து, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து விரித்தார். அது அவரது மகளின் விஞ்ஞானப் பட்டப் பெறுபேறு. சராசரி 61. முதலாம் ஆண்டில் இரண்டு பாடங்களில் தவறிப் பின்னர் சித்தியடைந்திருந்தாள்.

“சேர், நீங்கள் யூனிவேர்சிற்றியில படிப்பிச்சனீங்கள். இதை வைச்சுக்கொண்டு லோ படிக்கப்போறன் எண்டு நிக்கிறாள். நடக்கிற காரியமே?”

மகள் தேநீர்த் தட்டுடன் அருகிலேயே நின்றாள். நாம் “பார்ப்போம்” என்று கூறி நழுவிவிட்டோம். அது மறுமொழியன்று. அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறோம்.

நடக்கும் காரியந்தான். ஆனால் எல்லா வாசலாலும் அன்று. மெல்பேர்ண் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டு முதல் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கே ‘ஜூரிஸ் டொக்டர்’ எனும் சட்டப் பட்டத்தைக் கற்பிக்கிறது. அத்தகைய பட்டம் மொனாஷிலும் ஆர்.எம்.ஐ.ரி.யிலும் உண்டு. பெரும் போட்டி நிலவும் இடங்களில் 61 போதாது. இதை மறைத்துப் பேசுவது அப்பிள்ளைக்குச் செய்யும் துரோகம். எனினும் எல்லாச் சட்டபீடங்களும் ஒரே அளவுகோலைக் கையாள்வதில்லை. பட்டத்தின் பின் ஒரு பட்டப்பின் சான்றிதழ் கற்கையை நல்ல பெறுபேற்றுடன் முடித்தவரைப் புதிய கண்கொண்டு நோக்கும் இடங்கள் உள்ளன. நோயோ, குடும்பச் சுமையோ, அகதி வாழ்வோ கல்வியைக் குலைத்திருப்பின் அதனைச் சான்றுகளுடன் எடுத்துரைக்கவும் வழியுண்டு. பணம் கட்டுமுன் அனுமதி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, மறுமொழியை எழுத்திலேயே பெற்றுக்கொள்ள வேண்டும்.

எந்தச் சட்டபீடத்தில் கற்றாலும், சட்டத்தரணியாவதற்குக் கட்டாயமான பாடத்துறைகள் பதினொன்றும் அவையேதான். நியூ சவுத் வேல்ஸ் நீதியரசர் பிரீஸ்ற்லியின் பெயரால் ‘பிரீஸ்ற்லி பதினொன்று’ என அழைக்கப்படுபவை. அதன் பின் தொழிற் பயிற்சி. அதன் பின் விக்டோரியா உயர் நீதிமன்றத்தின் பெயர்ப் பட்டியல். அப்பட்டியலில் எவரது பழைய விஞ்ஞானப் பெறுபேறும் எழுதப்படுவதில்லை. நகரத்துப் பெரிய சட்ட நிறுவனங்கள் சட்டப் பாடங்களின் பெறுபேற்றைத் துருவிப் பார்க்கும் என்பதும் உண்மை. ஆகவே சட்டபீடத்துக்குள் நுழைந்த பின்னும் 61 பெற்றுக்கொண்டிருக்கலாம் என எவரும் கருதவேண்டாம்.

இனி, அந்த 61 எவ்வாறு வந்தது? அவள் பட்டம் படித்த மூன்று ஆண்டுகளும் முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி புரிந்தாள். தாயாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று மொழிபெயர்ப்பவளும் அவளே. குடிவரவுத் திணைக்களக் கடிதங்களைப் பதினான்கு வயதிலேயே வாசித்துப் பெற்றோருக்கு விளங்கப்படுத்தியவள். சட்டம் அவளுக்குப் புதிய ஆசையன்று. இவை எவையும் அத்தாளில் இல்லை.

தாளின் இக்குறையை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். 2010ஆம் ஆண்டு, நாட்டில் விரிவுரையாளராக இருந்த காலத்தில், மாணவன் ஒருவனின் விடைத்தாள்களுக்கு நாம் இட்ட புள்ளிகள் அவனைச் சாதாரண சித்தியுடன் நிறுத்தின. தடுப்பு முகாமிலிருந்து மீண்டு சில வாரங்களே ஆன நிலையில், பிறரது குறிப்புகளைப் பார்த்துப் பிரதிபண்ணிப் படித்து அவன் எழுதிய பரீட்சை அது என்பதைப் பின்னரே அறிந்தோம். புள்ளி பிழையன்று, விடைகள் அவ்வளவுதான். ஆயினும் அப்புள்ளியை அவனது அறிவின் அளவு என்று நாம் அப்போது நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கைதான் பிழை.

புள்ளிகள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதை எம்மவருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1970/71 கல்வியாண்டில் இலங்கையில் மருத்துவபீட அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 400க்கு 229 பெற்றாற் போதும், தமிழ் மொழிமூல மாணவர் 250 பெறவேண்டும் என வகுத்தார்கள். தரப்படுத்தலைக் கண்டு கொதித்த தலைமுறையின் பிள்ளைகளே இன்று மல்கிரேவ் கராஜில் தம் பிள்ளையின் புள்ளியைத் தலைவிதியாகக் காட்டித் திரிகிறார்கள். அதிலும், பக்கத்து வீட்டுப் பிள்ளை மொனாஷில் சட்டம் படிக்கிறாள் என்றால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும், அதை விடுவோம்.

தந்தை செல்வா விஞ்ஞானப் பட்டத்தை லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராகப் பெற்றவர். ஆசிரியத் தொழிலிலிருந்து கொண்டே சட்டக் கல்லூரியில் படித்தார். இந்நாட்டிலும் அத்தகையோர் உளர். மைக்கேல் மக்கியூ பதினைந்து வயதில் பாடசாலையை விட்டவர். கூலி வேலைகள் செய்து, இரவில் கற்று, பல்கலைக்கழகப் பட்டமின்றியே நியூ சவுத் வேல்ஸில் பாரிஸ்டர் அனுமதிச் சபையின் பரீட்சைகளை எழுதி 1961இல் வழக்குரைஞரானார். 1989 முதல் 2005 வரை அவுஸ்திரேலிய மீயுயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கினார். (அவ்வாறு வந்தவர் எம்போன்றோருக்குச் சாதகமாகவே தீர்ப்பளிப்பார் என நினைத்தலும் தவறு. நாடற்ற ஒருவரைக் காலவரையின்றித் தடுத்துவைக்கலாம் என 2004இல் அல்-கட்டெப் வழக்கில் தீர்ப்பளித்த பெரும்பான்மை நால்வரில் அவரும் ஒருவர். அத்தீர்ப்பை அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் மாற்றியது.)

சட்டத்துறை மன்னிக்கும் குறை எது, மன்னிக்காத குறை எது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். குறைந்த புள்ளியை அது மன்னிக்கும். பொய்யை மன்னிப்பது அரிது. சட்டத்தரணியாக விண்ணப்பிக்கும்போது, பல்கலைக்கழகத்தில் பிறர் எழுத்தைப் பிரதிபண்ணியமைக்காகவோ பரீட்சை மோசடிக்காகவோ தண்டிக்கப்பட்டிருந்தால் அதைத் தாமாகவே வெளிப்படுத்தவேண்டும். மறைத்துப் பின்னர் அகப்பட்டால் மூலக் குற்றத்தைவிட மறைத்தமை பெரிதாகிவிடும். காசு வாங்கிக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் வியாபாரத்தை இந்நாடு 2020இல் சட்டத்தால் தடைசெய்தது. அவ்வியாபாரிகளிடம் போகும் பிள்ளைகளுட் பலர் சோம்பேறிகளல்லர். வீட்டில் 61ஐக் காட்ட அஞ்சியவர்கள். நேர்மையான 61உடன் வந்து நிற்கும் பிள்ளையைச் சபையில் நாணப்படுத்தும் தந்தை, அடுத்த பிள்ளைக்கு எந்த வழியைக் காட்டுகிறார்?

பணத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். முழுக் கட்டணம் செலுத்திப் படிக்கும் ஜூரிஸ் டொக்டர் பட்டம் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டிச் செல்லும். அரசாங்க மானிய இடமொன்றில் சட்ட இளமாணி படிப்பவருக்கு 2021இல் ஆண்டுக் கட்டணம் 14,500 டொலர். இப்போது அதிலும் கூட. இரண்டுக்கும் கடன் வசதி உண்டெனினும் கடன் கடனே. குறைந்த புள்ளியுடையோரைச் சேர்க்கும் இடம் முழுக் கட்டண இடமா, மானிய இடமா என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி. பட்டதாரிகளை மானிய இடங்களில் சட்ட இளமாணிக்குச் சேர்க்கும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. மல்கிரேவுக்கு அயலில், ஸ்பிரிங்வேலில் 1973இல் தொடங்கிய சட்ட உதவி நிலையம் மொனாஷ் சட்ட மாணவர்களின் பயிற்சிக்களமாக விளங்கி வந்தது. இத்தகைய இடமொன்றில் தொண்டராகச் சில மாதம் அமர்ந்தால், இத்தொழில் தனக்கு ஏற்றதா என்பதைக் கடன் வாங்குமுன்னரே அவள் அறிந்துகொள்ளலாம்.

அன்று அக்கராஜில் மற்றொரு இளைஞனும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். 2012இல் ஒன்பது வயதில் படகில் வந்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் அவனுடைய பெறுபேறு அப்பெண்ணுடையதைவிட மிக உயர்ந்தது. தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்தோருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வதிவிட வழி திறந்தது. அதனோடு கல்விக் கடனும் கிட்டியது. இவனது குடும்பமோ விரைவுப் பரிசீலனையில் நிராகரிக்கப்பட்டு, இணைப்பு விசாவில் நிற்கிறது. படிப்பதானால் வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணம் செலுத்தவேண்டும். கடன் வசதி இல்லை. புகலிடம் கோருவோருக்குச் சில பல்கலைக்கழகங்கள் வழங்கும் புலமைப்பரிசில்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் ஒன்றுக்கு இருமுறை விண்ணப்பித்து, டண்டினொங்கில் பொதி கட்டும் வேலைக்குப் போய்வருகிறான். அவனது பெறுபேற்றுத் தாளை எவரும் எம்மிடம் கொண்டுவந்து காட்டவில்லை. அப்பெண்தான், தேநீர்த் தட்டை வைத்துவிட்டு வந்து, அவனுடைய மூன்றாவது விண்ணப்பத்தை எம்மால் பார்த்துத் தரமுடியுமா என்று கேட்டாள்.