கொல்லையில் புதைஞ்ச கேபிளும் நம்ம பேலன்ஸ் ஷீட்டும்



27,200 ரூபாய். திருச்சியில் இருக்கும் எங்க அப்பா அம்மா வீட்டுக் கொல்லையில், மண்ணுக்கு அடியில போற ஒரு கரன்ட் கேபிளை மாத்த 2024 நவம்பரில் நான் கொடுத்த தொகை இது. இதே வேலையை 13,000 ரூபாய்க்கு முடிச்சுத் தர்றேன்னு இன்னொருத்தர் சொன்னார். நான் வேணும்னேதான் அதிகமான கொட்டேஷனை எடுத்தேன்.

"நீங்களே ஒரு ஆடிட்டர், எங்களுக்கு சிக்கனம் சொல்றவர், பாதி விலைக்குக் கிடைச்சதை ஏன் விட்டீங்க?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு. கேபிளைப் பத்தின மாதிரி தெரியும், ஆனா உங்க சம்பளத்தைப் பத்தினதுதான்.

500 ரூபாயில் முடிஞ்ச "ரிப்பேர்"

வீட்டு மெயின் போர்டுல இருந்து கொல்லைப்பக்கம் சுமார் 80 அடி. அங்கே துணி துவைக்கிற இடம், வாஷிங் மெஷின், போர் மோட்டார், ஒரு பாத்ரூம். 2012-ல அதைக் கட்டினப்போ, அரை அடி ஆழத்துல ஒரு பிவிசி பைப்பைப் போட்டு, அதுக்குள்ள சாதாரண ஒயரை விட்டு மண்ணைத் தள்ளி மூடிட்டாங்க. 2019-ல வாழைக்கன்னு வைக்கும்போது கடப்பாரை பட்டு ஒயர் அறுந்தது. ஒரு ஜாயின்ட் போட்டாங்க. 2021 மழையில இன்னொண்ணு, 2023 மழையில மூணாவது. செலவு 1,800, 2,200, 3,500. மொத்தம் 7,500 ரூபாய்.

2024 அக்டோபர் மழையில ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆக ஆரம்பிச்சது. வந்த எலக்ட்ரீஷியன் என்ன பண்ணினார் தெரியுமா? கொல்லை லைனை மட்டும் ஆர்சிசிபி-யில இருந்து பிரிச்சு, டைரக்டா கனெக்‌ஷன் கொடுத்துட்டுப் போயிட்டார். கூலி 500 ரூபாய். ட்ரிப் ஆகறது நின்னுது. அப்பாவுக்குப் பரம சந்தோஷம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ அம்மா சாதாரணமா சொன்னாங்க: "மழை பெஞ்சா பின்னாடி குழாயைத் தொட்டா சுருக்குன்னு இருக்குடா. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல.

ஆர்சிசிபி-ங்கிறது போற கரன்ட்டையும் திரும்பி வர்ற கரன்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற கருவி. வீடுகள்ல பொதுவா போடறது 30 மில்லி ஆம்பியர் ரகம். அந்த அளவுக்குக் கரன்ட் வேற வழியில, அதாவது ஈர மண் வழியாவோ ஒரு மனுஷர் உடம்பு வழியாவோ கசிஞ்சா, உடனே சப்ளையைத் துண்டிக்கும். சாதாரண எம்சிபி-க்கு இது தெரியாது. 16 ஆம்பியர் எம்சிபி-க்கு 0.3 ஆம்பியர் கசிவு ஒரு விஷயமே இல்லை. அப்போ மழை பெஞ்சா ஆர்சிசிபி விழுதுன்னா அது தொந்தரவு இல்லை, எச்சரிக்கை. அதை பைபாஸ் பண்றது, ஆடிட் ரிப்போர்ட்ல குறை எழுதியிருக்குன்னு ரிப்போர்ட்டையே கிழிச்சுப் போடற மாதிரி.

பில்லையும் பாருங்க. 0.3 ஆம்பியர், 230 வோல்ட்: 69 வாட். மண்ணுக்குள்ள ராத்திரி பகலா எரியற ஒரு பல்பு மாதிரி. 60 நாளைக்குக் கிட்டத்தட்ட 99 யூனிட். 2024-ல ரெண்டு மாசத்துக்கு அரசு கொடுத்த 100 யூனிட் இலவச மின்சாரத்தை மண்ணு குடிச்சிட்ட மாதிரிதான். 500 யூனிட்டை ஒட்டி பில் வர்ற வீடா இருந்தா, ஸ்லாப்பும் மாறி அடி இன்னும் பலமா விழும்.

13,000-மா, 27,200-ஆ?

முதல் கொட்டேஷன்: அதே அரை அடிப் பள்ளம், அதே மாதிரி சாதாரண ஒயர், புது பிவிசி பைப். 13,000.

ரெண்டாவது கொட்டேஷன் இப்படி:

- 4 ஸ்கொயர் எம்எம், 3 கோர் காப்பர் ஆர்மர்டு கேபிள், 28 மீட்டர்: 10,600
- எச்டிபிஇ பைப்: 1,900
- பள்ளம் தோண்ட ஆள் கூலி: 3,600
- மணல், செங்கல்: 1,800
- எலக்ட்ரீஷியன் கூலி, கிளாண்ட், எர்த்திங், தனி ஆர்சிசிபி: 6,500
- பெயர்த்த டைல்ஸைத் திரும்பப் பதிக்க: 2,800

இப்போ கணக்குக்கு வருவோம். பழைய லைன் 12 வருஷம் ஓடுச்சு. அதே தரத்துல இன்னைக்கு 13,000-க்குப் போட்டு, அதே மாதிரி 7,500 ரூபாய்க்கு ஜாயின்ட் போட்டா, மொத்தம் 20,500. வருஷத்துக்குச் சுமார் 1,708 ரூபாய். ஆழமாப் புதைச்ச ஆர்மர்டு கேபிள் 25 வருஷம் உழைக்கும்னு நான் கணக்கு வெச்சேன். வருஷத்துக்கு 1,088 ரூபாய்.

"25 வருஷம் வரும்னு என்ன கேரண்டி?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. சரி, 15 வருஷம்தான்னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு 1,813. அதாவது மோசமா கணக்குப் போட்டாலும் வருஷத்துக்கு 105 ரூபாய்தான் வித்தியாசம். அம்மா குழாயைத் தொடறதுக்கு முன்னாடி செருப்பைத் தேட வேண்டாம்ங்கிறதுக்கு அந்த 105 ரூபாய் எனக்குப் பெருசா தெரியல.

செலவு வர்றப்போ நாம பார்க்கிறது இன்னைக்குப் பையில இருந்து எவ்வளவு போகுதுன்னு. பார்க்க வேண்டியது வருஷத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு. மண்ணுக்கு அடியில போற எதுக்கும் இது ரெண்டு மடங்கு பொருந்தும். ஏன்னா திரும்ப ஒரு தடவை சரி பண்ணணும்னா பொருள் விலையோட, தோண்டற கூலியையும் டைல்ஸ் செலவையும் மறுபடி முதல்ல இருந்து கொடுக்கணும்.

பணம் கொடுக்கும் முன்னாடி நான் கேட்ட நாலு விஷயம்

1. ஆழம். தாழ்வழுத்தக் கேபிளுக்கு ஐஎஸ் 1255 சொல்றது குறைஞ்சது 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி. கீழேயும் மேலேயும் மணல், அதுக்கு மேல செங்கல். அடுத்த தடவை கடப்பாரை வந்தா முதல்ல செங்கல்ல படும்.

2. மண்ணுக்குள்ள ஒரு ஜாயின்ட் கூட இருக்கக் கூடாது. முனையில இருந்து முனை வரை ஒரே நீளம்.

3. பள்ளத்தை மூடறதுக்கு முன்னாடி மெக்கர் டெஸ்ட். இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு சொல்ற சோதனை. அந்த ரீடிங்கை என் கண்ணால பார்த்த பிறகுதான் கடைசி 5,000 ரூபாயைக் கொடுத்தேன்.

4. போட்டோ. டேப் வெச்சு, சுவர்ல இருந்து எத்தனை அடி தள்ளி லைன் போகுதுன்னு தெரியற மாதிரி எடுத்து, பிரின்ட் போட்டு, மெயின் போர்டு கதவுக்குள்ள ஒட்டிட்டேன். நாளைக்கு வாழைக்கன்னு வைக்கறவங்களுக்கு அது போதும்.

கேபிள் கடையில "பில் இல்லாம எடுத்துக்கோங்க தம்பி, ஜிஎஸ்டி மிச்சம்"னு சொன்னாங்க. கேபிளுக்கு 18% ஜிஎஸ்டி, இந்த விலையில சுமார் 1,600 ரூபாய். ஆசையாத்தான் இருக்கும். ஆனா புதைச்சு மூடின பொருள் ரெண்டு வருஷத்துல போச்சுன்னா, அதை அந்தக் கடையிலதான் வாங்கினோம்னு சொல்ல நம்ம கையில இருக்கற ஒரே சாட்சி பில்தான். நான் பில் வாங்கினேன்.

வரியில ஏதாவது கிடைக்குமான்னு கேக்கறவங்களுக்கு: பெத்தவங்க சொந்தமா குடியிருக்கிற வீட்டுல பண்ற இந்தச் செலவுக்குக் கழிவு கிடையாது. அதுக்காக அப்பா அக்கவுன்ட்டுக்கு நீங்க அனுப்பற பணத்துக்கு அவருக்கும் வரி கிடையாது. அவ்வளவுதான்.

இது எமர்ஜென்சி இல்லை

இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

ஏழு வருஷமா எஸ்ஐபி போடறேன். எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, டெர்ம் இன்சூரன்ஸ் இருக்கு. ஆனா 2019-ல இருந்து அந்த லைன் தகராறு பண்ணிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. கேக்கல. அப்பாவும் சொல்லல. "உனக்கே ஆயிரம் செலவு, இது எதுக்குப்பா"ன்னு பென்ஷன் பணத்துல ஒட்டு போட்டுட்டே இருந்திருக்கார்.

கம்பெனிகள் என்ன பண்ணும்? எப்போ வரும், எவ்வளவு வரும்னு துல்லியமாத் தெரியாட்டாலும், கண்டிப்பா வரும்னு தெரிஞ்ச செலவுக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு காட்டும். புரொவிஷன்னு சொல்லுவோம். பழைய வீட்டோட கேபிள், மோட்டார், மொட்டை மாடி ஒழுகல் எல்லாம் அந்த ரகம்தான். என்னைக்குன்னு தெரியாது, ஆனா வரும். அதை எமர்ஜென்சின்னு சொல்லி வேலை போனா காப்பாத்த வேண்டிய பணத்துல கை வைக்கறதும், எஸ்ஐபி-யை நிறுத்தறதும், கிரெடிட் கார்டுல தேய்ச்சு மினிமம் டியூ கட்டறதும் தப்பு. கார்டுல மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும்.

நான் இப்போ மாசம் 1,500 ரூபாயை "திருச்சி வீடு"ன்னு பேர் வெச்சு ஒரு ஆர்டி-யில போடறேன். வருஷத்துக்கு 18,000. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி இருந்தா பங்கு போட்டுக்கோங்க, தலைக்கு 500, 700 ரூபாய்ல முடிஞ்சிடும். எவ்வளவுங்கிறது முக்கியம் இல்லை. தனிப் பேர்ல, தனியா இருக்கணும். பணம் தயாரா இருக்குன்னு தெரிஞ்சா அப்பாவும் மறைக்க மாட்டார். எங்க வீட்டுல நடந்தது அதுதான். போன மாசம் அவரே போன் பண்ணி, "மோட்டார் சத்தம் சரியில்லப்பா, பார்க்கச் சொல்லவா?"ன்னு கேட்டார்.

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணும்போது "சாப்டீங்களா"வோட இந்த மூணு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க. மழை பெஞ்சா ட்ரிப் ஆகுதா? யாராவது எந்த லைனையாவது டைரக்டா கொடுத்திருக்காங்களா? எங்கேயாவது தொட்டா சுருக்குன்னு இருக்கா?

ஒண்ணுக்கு ஆமான்னு பதில் வந்தாலும், அந்த லைனை ஆஃப் பண்ணச் சொல்லிட்டு அன்னைக்கே ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஆர்டி-யை மறுநாள் ஆரம்பிச்சுக்கலாம்.