நீரிழிவுப் பாதப் புண்களை ஆற்றுவது எது? உறிஞ்சு கருவியும் ஓரங்கட்டப்பட்ட மாவுக்கட்டும்

புதுடெல்லி: நீரிழிவு நோயாளியின் உள்ளங்காலில் ஏற்படும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதன் ஆபத்தே அதுதான். வீட்டுத் தரையில் ரத்தக் கறை இருப்பதாகக் குடும்பத்தினர் யாரேனும் சொன்ன பிறகே காலைத் திருப்பிப் பார்ப்பவர்கள் பலர். அதற்குள் புண் எலும்பு வரை சென்றிருக்கக்கூடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து மேற்கொண்டு, 2023-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். நீரிழிவு உள்ளவர்களில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் பாதப் புண் வரக்கூடும் என்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 2017-இல் வெளியான ஆய்வுரை மதிப்பிட்டது. இதில் குறைந்தபட்ச அளவை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இந்தியாவில் ஏறத்தாழ 1.9 கோடி பேர் இந்த அபாயத்தில் உள்ளனர்.

எதிர்மறை அழுத்தக் கருவி, உயர் அழுத்த ஆக்சிஜன் அறை, வளர்ச்சிக் காரணி களிம்பு, வெள்ளி கலந்த கட்டுத்துணி எனப் புண் சிகிச்சைக்கான வழிகள் பெருநகர மருத்துவமனைகளில் பெருகி வருகின்றன. இவற்றில் எது, யாருக்கு, எந்தக் கட்டத்தில் பயன்படும் என்பது நோயாளிக்கு விளக்கப்படுவது அரிது. கால் தப்புமா என்பதோ பல நேரங்களில் அந்த விளக்கத்தைப் பொறுத்தே அமைகிறது.

புண் ஏன் ஆறுவதில்லை?

'சர்க்கரை இருந்தால் புண் ஆறாது' என்பது பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மை மட்டுமே. உயர்ந்த ரத்தச் சர்க்கரை நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதும், கிருமித் தொற்றுக்கு வழிவிடுவதும் உண்மைதான். ஆனால் உள்ளங்காலில் புண்ணை உண்டாக்கி அதை ஆறவிடாமல் வைத்திருப்பது பெரும்பாலும் நடையின் அழுத்தம். நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி மங்கிய பாதத்தில், விரல்களின் அடிப்பகுதி போன்ற இடங்களில் தோல் காய்ப்புக் காய்க்கிறது. செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லைப் போல அந்தக் காய்ப்பு உள்ளிருக்கும் சதையை நசுக்குகிறது. அடியில் ரத்தம் கசிந்து, தோல் உடைந்து, புண்ணாகிறது. நலமாக உள்ளவர் வலி தாங்காமல் நொண்டி நடப்பார். அந்த நொண்டலே அவருக்கு மருந்து. நீரிழிவு நோயாளி வழக்கம்போலவே நடக்கிறார். ஒவ்வோர் அடியும் புண்ணின் மீது விழுகிறது.

எனவே முறையான சிகிச்சை கட்டுத்துணியிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் காலுக்குப் போதிய ரத்த ஓட்டம் உள்ளதா என்று பார்க்கப்பட வேண்டும். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவது வழக்கம். நீரிழிவில் ரத்தக் குழாய்ச் சுவர்கள் சுண்ணம் படிந்து இறுகிவிடுவதால் இந்த அளவு இயல்பானதுபோல் ஏமாற்றக்கூடும். அந்நிலையில் கால் விரலில் அழுத்தத்தை அளப்பது நம்பகமானது. ரத்தம் போய்ச் சேராத பாதத்தில் எவ்வளவு விலையுயர்ந்த களிம்பைத் தடவினாலும் பயன் சிறிதே. குழாய் அடைப்பை நீக்குவதே அங்கு முதல் வேலை. அடுத்து தொற்றுக்குச் சிகிச்சை. அதன்பின் காய்ப்பையும் அழுகிய திசுவையும் கத்தியால் வெட்டி நீக்கி, ரத்தம் கசியும் நல்ல சதை வரை புண்ணைச் சுத்தம் செய்தல். நான்கு வாரங்களில் புண்ணின் பரப்பு ஏறத்தாழ பாதியாகச் சுருங்கினால் 12 வாரங்களில் அது மூடும் வாய்ப்பு அதிகம். அவ்வாறு சுருங்கவில்லை என்றால் சிகிச்சை முறையை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

உறிஞ்சு சிகிச்சையின் இடம்

இன்று அதிகம் பேசப்படுவது எதிர்மறை அழுத்த சிகிச்சை. புண்ணின் குழிக்குள் பஞ்சு போன்ற நுரைப்பொருளை நிரப்பி, காற்றுப் புகாத ஒளி ஊடுருவும் படலத்தால் மூடி, குழாய் வழியே பொதுவாக 125 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்சுகிறார்கள். கசிவு நீர் வெளியேறுகிறது, வீக்கம் வடிகிறது, விளிம்புகள் உள்நோக்கி இழுபடுகின்றன, சிவந்த புதுச் சதை வளர்கிறது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் அர்ஜென்டா, மோரிக்வாஸ் ஆகியோர் 1997-இல் இதுகுறித்த ஆய்வுகளை வெளியிட்டனர்.

பாதத்தின் ஒரு பகுதி அகற்றப்பட்ட 162 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், 16 வாரங்களில் இக்கருவி பயன்படுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் வழக்கமான கட்டு போட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கும் புண் ஆறியது. 342 பேரிடம் நடத்தப்பட்ட 2008-ஆம் ஆண்டு ஆய்விலும் கருவிக்கே சாதகமான முடிவு கிடைத்தது. இவ்விரு ஆய்வுகளுக்கும் நிதியளித்தது கருவியைத் தயாரித்த நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஜெர்மனியில் அன்றாட மருத்துவச் சூழலில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில் இந்த மேன்மை உறுதிப்படவில்லை. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய காயங்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. மற்றப் பாதப் புண்களுக்கு வேண்டாம் என்கிறது. வீடுகளில் பரவலாக நம்பப்படும் தேனையும் அது பரிந்துரைக்கவில்லை.

கருவியின் வாடகை எட்டாத இடங்களில் இந்திய மருத்துவர்கள் கிருமி நீக்கிய நுரைப்பஞ்சு, ஒட்டும் படலம், மூக்குக்குழாய், வார்டு சுவரிலுள்ள உறிஞ்சு இணைப்பு ஆகியவற்றைக் கொண்டே இதைச் செய்து வருகின்றனர். பாராட்டத்தக்க உத்திதான். ஆனால் அழுகிய திசு நீக்கப்படாத புண்ணிலும், எலும்புத் தொற்றுக்குச் சிகிச்சை தொடங்காத காலிலும் எந்த உறிஞ்சு கருவியும் ஆபத்தானதே.

தொழுநோய் கற்றுத்தந்த பாடம்

மேற்கண்ட வழிகாட்டுதல், உணர்விழந்த உள்ளங்காலின் முன் அல்லது நடுப் பகுதியில் ஏற்படும் புண்ணுக்கு முதல் தெரிவாகச் சொல்வது, நோயாளியால் கழற்ற முடியாத, முழங்கால் வரையிலான அழுத்தக் குறைப்புச் சாதனத்தை. அதன் மூல வடிவம் மாவுக்கட்டு.

இம்முறை உருவானது தெற்காசியாவின் தொழுநோய் மருத்துவமனைகளில். 1930-களில் இலங்கையில் மில்ராய் பால், இந்தியாவில் ஜோசப் கான் ஆகிய மருத்துவர்கள் தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்கு மாவுக்கட்டு போட்டு நடக்கவைத்தனர். கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி உணராததால் ஏற்படும் காயங்களாலேயே சிதைகின்றன என்பதை நிறுவினார். 1966-இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கிருந்து இந்த முறை நீரிழிவு நோயாளிகளுக்குப் பரவியது.

பாதத்தையும் கெண்டைக்காலையும் ஒட்டி வார்க்கப்படும் இக்கட்டு, உடல் எடையைப் பாதம் முழுவதற்கும் காலின் பக்கங்களுக்கும் பகிர்ந்தளிக்கிறது. 2001-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், 12 வாரங்களில் மாவுக்கட்டு போட்டவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டும் காலணி அணிந்தவர்களிடம் இது 65 சதவீதம். அழுத்தத்தைக் குறைப்பதில் அந்தக் காலணி பெரிதாகப் பின்தங்கவில்லை. பின் ஏன் இந்த வேறுபாடு? 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வு விடை தந்தது: நோயாளிகள் அன்றாடம் வைத்த அடிகளில் 28 சதவீதத்தின்போது மட்டுமே காலணியை அணிந்திருந்தனர். வீட்டுக்குள் கழற்றிவிட்டனர். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழையும் நம் வழக்கத்தில் இந்த அளவு எவ்வளவாக இருக்கும் என்பதை ஊகிக்கலாம். கழற்றும் காலணியின் மேலேயே ஒரு சுற்று மாவுக்கட்டைச் சுற்றிக் கழற்ற முடியாதபடி செய்தபோது அதுவும் மாவுக்கட்டுக்கு இணையாகப் பலன் தந்தது.

கடும் ரத்த ஓட்டக் குறைவோ தீவிரத் தொற்றோ உள்ள காலுக்கு இது பொருந்தாது. கட்டுக்குள் புண் என்ன ஆகிறது என்று தெரியாத அச்சம் மருத்துவர்களுக்கும் உண்டு. பழகிய கைகள் போட வேண்டும், வாரந்தோறும் பிரித்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் கணக்கு வேறு. ஓட்டுநரோ கொத்தனாரோ இரண்டு மாதம் மாவுக்கட்டுடன் வேலைக்குப் போக இயலாது. அறிவுரையை மீறி அவர் நடப்பதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

16 வாரமும் 15 நாளும்

இங்கேதான் அரசின் கொள்கையும் நோயின் இயல்பும் முரண்படுகின்றன. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குக் காப்பீடு அளிக்கிறது. 2024 முதல் 70 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் இதில் சேர்க்கப்பட்டனர். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பிந்தைய 15 நாள் செலவும் இதில் அடங்கும். ஆய்வுகளிலேயே பாதப் புண் ஆறுவதற்கான கணக்கு 12 அல்லது 16 வாரங்கள். அந்த வாரங்களில் வெளிநோயாளியாக வந்து கட்டு மாற்றுவது, காய்ப்பை வெட்டுவது, மாவுக்கட்டைப் புதுப்பிப்பது ஆகியவைதான் காலைக் காப்பாற்றும் வேலைகள். காப்பீட்டின் கண்ணுக்கு அவை தென்படுவதில்லை. காலை அகற்றும் அறுவை சிகிச்சை தென்படுகிறது.

ஆறிய புண்ணும் முடிந்த கதையன்று. ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் புண் வருகிறது. தொழுநோயாளிகளுக்காக உருவாக்கப்பட்ட மென்ரப்பர் அடித்தளம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பு இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. அதை வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும். நண்பகலில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலுடன் நடப்பதையும் தவிர்க்க வேண்டும். சூடு உறைக்காத பாதம் அங்கே கொப்பளிப்பது கோடைதோறும் நிகழ்வது.

பாதத்தின் உணர்வைச் சோதிக்கத் தேவைப்படுவது 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை மட்டுமே. சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியரே செய்யலாம். நோயாளி காலணியைக் கழற்ற வேண்டும், அவ்வளவே. சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரை எழுதித் தரும் நெரிசலான வெளிநோயாளர் பிரிவுகளில் பெரும்பாலும் நிகழாமல் போவது இதுதான்.