கியூஆர் அட்டையும் இருக்கட்டும், கவுண்டரில் ஆளும் இருக்கட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிஞ்சு வந்து பொறுமையா படிங்க.

நம்ம ஆலயப் புலனக் குழுவில் ரெண்டு வாரமா ஒரே பேச்சு. ஆண்டுக் கூட்டத்துக்குள் அர்ச்சனை டிக்கெட் கவுண்டரை எடுத்துட்டு, எல்லாக் கட்டணத்தையும் கியூஆர் வழியா மட்டும் வாங்கலாம்னு இளைஞர்கள் சிலர் சொல்றாங்க. இன்னொரு பக்கம் பெரியவங்க சிலர், "அந்தப் படமே வேண்டாம்பா, எல்லாம் திருட்டு வேலை"ங்கிறாங்க. ரெண்டு பேருக்கும் தலையாட்டி நழுவ எனக்கு விருப்பமில்லை. கியூஆர் கண்டிப்பா வேணும். கவுண்டரை மூடவே கூடாது. இதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

இந்தக் கட்டம் கட்டமா இருக்கிற படம் நமக்குக் கடையில்தான் அறிமுகம். ஆனா அது பிறந்தது தொழிற்சாலையில். ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் டென்சோ கம்பெனியில் மசாஹிரோ ஹாரா என்கிற பொறியாளரும் அவர் குழுவும் 1994-இல் இதைக் கொண்டு வந்தாங்க. பழைய பார்கோடில் ஏறக்குறைய 20 எழுத்துதான் அடங்கும். ஒரே பெட்டிக்குப் பல பார்கோடு ஒட்டி, ஒவ்வொன்னா ஸ்கேன் பண்ணி ஆளுங்க களைச்சுப் போனாங்க. கியூஆரில் வெறும் எண்ணா எழுதினா 7,089 எண் வரைக்கும் போகும். மூணு மூலையில் இருக்கிற சதுரம் அழகுக்கு இல்லை. எந்தப் பக்கமா காட்டினாலும் மெஷின் அதை வச்சுத்தான் படத்தைக் கண்டுபிடிக்குது. அழுக்குப் பட்டாலும் படிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க. அதிகபட்சத் திருத்த அளவு வச்சு அச்சடிச்சா, ஏறக்குறைய 30 விழுக்காடு வரை கெட்டுப் போனாலும் படிச்சிடும். எங்க லைனில் எண்ணெய் பட்ட லேபல் படிக்குதுன்னா, நம்ம கவுண்டரில் குங்குமமும் சந்தனமும் தெறிச்ச அட்டை படிக்காதா?

ஆனா ஒன்னு புரிஞ்சுக்கணும். கியூஆர் ஒரு எழுத்து, அவ்வளவுதான். பூட்டு கிடையாது. அதில் என்ன எழுதியிருக்குன்னு நம்ம கண்ணுக்குத் தெரியாது. யார் வேணும்னாலும் அஞ்சு நிமிஷத்தில் ஒன்னு செஞ்சு அச்சடிக்கலாம். கவுண்டரில் இருக்கிற டூயிட்நவ் அட்டையில், காசு யார் கணக்குக்குப் போகணும்னு எழுதியிருக்கு. முன்னே ஒவ்வொரு வாலட்டுக்கும் ஒரு அட்டை தொங்கும், ஞாபகம் இருக்கா? 2019-க்குப் பிறகுதான் எந்த பேங்க் செயலியிலும் எந்த வாலட்டிலும் ஒரே அட்டை என்று ஆச்சு. 2023-லிருந்து சிங்கப்பூர்க்காரங்களும் தங்கள் செயலியிலேயே இங்கே ஸ்கேன் பண்ணிக் கட்ட வழி வந்துடுச்சு. திருவிழாவுக்கு அங்கிருந்து வர்ற நம்ம ஆளுங்க இனி வெள்ளி மாத்த ஓட வேண்டாம்.

ஆலயத்துக்கு இதில் பெரிய நன்மை கணக்குதான். திருவிழா ராத்திரி ஒரு மணிக்கு நோட்டுக் கட்டைப் பையில் போட்டு, பொருளாளர் தனியா கார் ஓட்டிப் போறதை நான் பார்த்திருக்கேன். கடவுள்தான் காப்பாத்தினார்னு சொல்லலாம், ஆனா அது ஒரு ஏற்பாடா? கியூஆரில் வந்த காசு நேரா பேங்குக்குப் போகுது. எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு என்று அப்படியே பதிவாகுது. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்னு கேள்வி கேட்கிறவங்களுக்குக் காட்ட ஆதாரம் இருக்கு.

ஆனா இந்த நன்மை எல்லாம், அந்தக் கணக்கு ஆலயத்தின் பெயரில் இருந்தாத்தான். அன்னதானத்துக்கு, பூ அலங்காரத்துக்கு என்று "அவசரத்துக்கு" ஒருத்தர் தன் சொந்தக் கைப்பேசிக் கியூஆரைப் புலனத்தில் போடுறார். அவர் நல்ல மனுஷனாவே இருக்கட்டும். பத்து வருஷம் தொண்டு செஞ்சவராவே இருக்கட்டும். கூடாது. தொழிற்சாலை ஸ்டோரில் சரக்கை எடுக்கிறவனும் கணக்கு எழுதுறவனும் ஒரே ஆளா இருக்க விடமாட்டோம். திருடுவான் என்பதற்காக இல்லை. நாளைக்கு ஒன்னு குறைஞ்சா அவன் மேல் பழி வரக் கூடாது என்பதற்காக. இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அட்டை வச்சா தினசரி வேலையும் இருக்கு. வெளியே ஒட்டின அட்டை மேல் வேற ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போறது உலகம் முழுக்க நடக்குற திருட்டு. காலையில் கதவு திறக்கிற தொண்டர் அட்டையைத் தடவிப் பார்க்கணும், ஒரு தடவை ஸ்கேன் பண்ணி ஆலயத்தின் பெயர் வருதான்னு பார்க்கணும். விளக்குக்குத் திரி போடுற மாதிரி அதுவும் ஒரு வேலை. பக்தர்களும் காசு அனுப்புற பட்டனை அழுத்துறதுக்கு முன்னே பெயரைப் படிங்க. கவுண்டரில் இருக்கிறவர், பக்தர் காட்டுற படத்தை வச்சு டிக்கெட் கிழிக்கக் கூடாது. அந்தப் படத்தை யாரும் திருத்தலாம். ஆலயத்துக் கைப்பேசியில் காசு வந்த செய்தியைப் பார்த்துட்டுக் கொடுக்கட்டும்.

இப்போ கவுண்டருக்கு வர்றேன். தம்பிகளே, உங்க எண்ணம் நல்ல எண்ணம்தான், தெரியும். ஆனா வேற ஓர் இடத்தில் நான் பார்த்ததைச் சொல்றேன். காசு வாங்க ஆளே இல்லை, சுவரில் அட்டை மட்டும். எழுபது வயசு தாண்டின அம்மா ஒருத்தங்க கையில் அஞ்சு வெள்ளி நோட்டை வச்சுக்கிட்டு, பின்னாடி நிக்கிற பையனிடம், "தம்பி, நீ கட்டிடுறியா, நான் காசு தர்றேன்"னு கேட்டாங்க. பையன் கட்டினான், நல்ல பிள்ளை. ஆனா தன் பேரப்பிள்ளை பெயருக்கு அர்ச்சனை செய்ய ஒருத்தங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்தவன் கைப்பேசியைக் கேட்டு நிக்கணுமா?

கவுண்டரில் நடக்கிறது காசு வாங்குற வேலை மட்டுமில்லை. பெயர் கேட்கணும், நட்சத்திரம் கேட்கணும். "மகத்தா, மகமா?"ன்னு குழம்புறவங்களுக்கு எடுத்துச் சொல்லணும். மகளுக்கு ஆபரேஷன் என்று கண் கலங்கினா, ரெண்டு வார்த்தை பேசணும். அட்டை எதையும் கேட்காது.

இன்னொன்னு. 2020-இல் மைசெஜாத்ரா வந்தப்போ ஒவ்வொரு கடை வாசலிலும் கியூஆர் இருந்துச்சு. பக்கத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருந்துச்சு, கைப்பேசி இல்லாதவங்க பெயர் எழுத. நாடே பயந்து கிடந்த அந்த நேரத்தில் கூட அந்தப் புத்தகம் இருந்துச்சு. அஞ்சு வெள்ளி டிக்கெட்டுக்கு நாம எடுக்கணுமா? திருவிழா கூட்டத்தில் லைன் அடைச்சு, யார் கைப்பேசியும் வேலை செய்யாம நின்னதையும் மறந்துடாதீங்க.

பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க பயம் நியாயம்தான், ஆனா பயப்பட வேண்டிய இடம் வேற. ஆலயத்தின் பெயரைப் பார்த்துட்டு அஞ்சு வெள்ளி கட்டுறதில் பெரிய ஆபத்து இல்லை. புலனத்தில் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏபிகே என்று முடியும் ஃபைல் வருதே, அதுதான் ஆபத்து. அதைத் தொட்டு உள்ளே ஏத்திட்டா, உங்க கைப்பேசியில் வர்ற செய்தியெல்லாம் திருடன் படிக்க வழி உண்டு. நம்ம ஆலய அழைப்பிதழ் படமாத்தான் வரும். ஸ்கேன் பண்ணினதும் பெயரும் தொகையும் வராம, ஏதோ இணையப் பக்கம் திறந்து பேங்க் ரகசிய எண் கேட்டா உடனே மூடுங்க. காசு போயிட்டா வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உங்க பேங்குக்கும், மோசடிக்கான அரசாங்க எண் 997-க்கும் அப்பவே கூப்பிடுங்க. பிள்ளைங்க திட்டுவாங்கன்னு ரெண்டு நாள் தள்ளிப் போட்டா காசைப் பிடிக்கிறது கஷ்டம்.

வர்ற ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் மண்டபத்தில் நானும் இளைஞர் பிரிவுத் தம்பிகள் ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். கத்துக்க விரும்புறவங்க கைப்பேசியும் மூக்குக் கண்ணாடியும் கொண்டு வாங்க. ரகசிய எண்ணை எங்ககிட்டயும் சொல்லாதீங்க, நாங்க கேட்கவும் மாட்டோம். பட்டன் கைப்பேசி வச்சிருக்கிறவங்களும் வரலாம், டீ இருக்கு.