சிம்பலை இறுக்காதீங்க... ஆட விடுங்க!

ஆடி பிறந்துவிட்டால் திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் கிளியனூர் பக்கமெல்லாம் கூழ் வார்த்தல், செடல் என்று திருவிழாக்கள் களைகட்டும். இரவில் இன்னிசைக் கச்சேரி. வேனிலிருந்து இறக்கிய டிரம்ஸை அவசர அவசரமாகப் பூட்டுவார்கள். அந்த அவசரத்தில்தான் பல சிம்பல்களின் ஆயுள் குறைகிறது.

அடிக்கும்போது கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்தில், மேல் நட்டை முடிந்தவரை முறுக்கிவிடுவார்கள். தப்பு அங்கேதான்!

உயர்ரக சிம்பல்கள் பலவும் 80 சதவிகிதம் செம்பு, 20 சதவிகிதம் வெள்ளீயம் கலந்த வெண்கலம். வெள்ளீயம்தான் அந்தக் கணீர் ஒலியைத் தருகிறது. ஆனால், அதுவே உலோகத்தை எளிதில் விரிசல் விடவும் வைக்கிறது. அடி விழுந்ததும் சிம்பல் ஆடினால், அடியின் வேகம் அந்த ஆட்டத்திலேயே கரைந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் மொத்த அதிர்ச்சியும் தகட்டில் இறங்கும். விரிசல் விட்டபின் வெல்டிங் வைத்தால், சூட்டில் நாதமே கெட்டுவிடும். பஜனையில் ஜால்ராவைக் கயிற்றில் கோத்துப் பிடிப்பதும் இதற்காகத்தான். தகட்டைக் கையால் பொத்தினால் சத்தம் செத்துவிடும்.

சரி, எப்படிப் பூட்டுவது?

* கம்பியில் முதலில் இரும்பு வாஷர், அதன்மேல் ஃபெல்ட், பிறகு சிம்பல், மறுபடி ஃபெல்ட், கடைசியாக நட்டு.

* சிம்பல் ஓட்டைக்குள் கம்பியைச் சுற்றி பிளாஸ்டிக் குழல் கட்டாயம். இல்லாவிட்டால் கம்பி உரசி ஓட்டை பெரிதாகிவிடும். குழல் தொலைந்துவிட்டதா? மீன்தொட்டிக்குப் போடும் டியூபில் அளவு பொருந்துவதாக ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள்.

* கிராஷ் சிம்பலை வாசிப்பவர் பக்கம் லேசாகச் சாயுங்கள். குச்சி விளிம்பில் நேராக மோதாமல் வழுக்கிச் செல்ல வேண்டும்.

* சாய்வான கை உள்ள ஸ்டாண்டு என்றால், அந்தக் கைக்கு நேர் கீழே ஒரு கால் வரட்டும். கவிழாது.

* ஹை-ஹாட்டின் இரு தகடுகளுக்கும் இடையே சுமார் ஓர் அங்குல இடைவெளி போதும். ரைடு சிம்பல், முழங்கையைத் தூக்காமல் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். எட்டிப் பிடித்து வாசித்தால் இரவு முடிவதற்குள் தோள் கெஞ்சும்.

2019-ல் பத்மஸ்ரீ பெற்ற டிரம்ஸ் சிவமணியின் வாசிப்பு வீடியோக்களைப் பாருங்கள். அடி விழுந்தபின் சிம்பல் எப்படி ஆடுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

பூட்டி முடித்ததும் விளிம்பை ஒரு விரலால் அழுத்தி விடுங்கள். ஊஞ்சல்போல ஆடி நின்றால் சரி. ஆடவில்லையா? நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஒரு நல்ல சிம்பலின் விலை, சிறிய குழுவுக்குப் பல கச்சேரிகளின் வருமானம். அதைக் காப்பாற்ற அந்த அரைச் சுற்று போதும்!